கொண்டைக்காரி

"மாடியில பெரிய கொண்டை போட்ட பொண்ணு ஒருத்தி நடமாடறாளாமே? எதிர்வீட்டுல சொன்னாங்க."

வீட்டு உரிமையாளர் வாசலில் நின்று, வாடகைக்குக் குடியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இப்படிக் கேட்டார். மாடியில் இருந்தவை மூன்று கோழிகள். கோழி, நாய், பூனை எதை வளர்த்தாலும் அன்றே காலி செய்வதாகக் கையெழுத்துப் போட்டுக் குடிவந்தவர் அவர். கோழிகளோடு போனால் வேறு யாரும் வீடு தரமாட்டார்கள். கோழிகளைப் பிரியவோ அவருக்கு மனம் வராது.

"என் தங்கச்சி சார்."

"உங்களுக்கு ஏதுங்க தங்கச்சி?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சித்தப்பா பொண்ணு" என்று சமாளித்தார்.

"ஒருத்திதானா?"

"மூணு பேர்." கொஞ்சம் உண்மை கலந்தால் பொய் நிற்கும் என்று நினைத்தார்.

"எப்பத் தூங்குவாங்க?"

"பொழுது சாஞ்சதும்."

"மாடி வெயில் தாங்குறாங்களா?"

"வலை கட்டி நிழல் போட்டிருக்கேன் சார்."

தங்கைகளுக்கு எதற்கு வலை என்று அவருக்கே தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கோழிகளில் ஒன்று படியிறங்கி வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"பூனை" என்றார் அவசரமாக. பூனைக்கும் அனுமதியில்லை என்பது சொன்ன பிறகே உறைத்தது. பூனை 'கொக் கொக்' என்றது.

அதற்குமேல் மறைக்க அவரிடம் பொய் இல்லை.

"கோழிதான் சார். தொட்டுப் பாருங்க, இறகு மாதிரியா இருக்கு? உள்ளே தோல் மை மாதிரி கறுப்பு. சாதாரணக் கோழிக்குக் காலுக்கு நாலு விரல், இவளுக்கு அஞ்சு. மேல ஒருத்தி நீல முட்டை போடறா. இன்னொருத்திக்குக் கொண்டை சரிஞ்சு கண்ணையே மறைக்குது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறேன், அவளுக்கு ஒண்ணும் செய்ய முடியல. தினம் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சும்மா நின்னு பாப்பேன். கோழின்னு ஒரே பேரை வச்சுக்கிட்டு எத்தனை விதம் சார். பிரமிப்பா இருக்கு."

உரிமையாளர் தரையில் மண்டியிட்டு விரல்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வீடு போச்சு என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

வாசலில் உரிமையாளரின் கார் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, அம்மா மறுபடியும் போன் பண்ணிட்டாங்க, வீட்டுப் பக்கமே கொண்டு வரக் கூடாதாம். கார்ல இருக்கிற பதினோரு கோழியையும் இந்த மாடியிலயே இறக்கிடவா?"