பாதுகாப்பு தினத்தில் நான் ஆற்றிய உரை

விமானத்திலிருந்து குதித்தவன், பாராசூட் குடை விரியாமல் விழுந்துகொண்டிருக்கும்போது என்ன நினைப்பான்? சிலர் கடவுளிடம் வேண்டிக்கொள்வார்கள். சிலர் இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். நான் மூவாயிரம் அடி உயரத்தில் ஒரே ஒரு தீர்மானம் எடுத்தேன். இது நோரீனுக்குத் தெரியக் கூடாது.

செத்துப்போனால் எப்படியும் தெரிந்துவிடும். ஆகவே பிழைத்துக்கொள்வதென்றும் கூடவே முடிவு செய்தேன்.

நோரீன் என் மனைவி. குதிப்பவர்கள் ஒவ்வொருவர் முதுகுப் பையிலும் இரண்டு குடைகள் இருக்கும். பெரிய குடையை அவரவரே மடித்துக்கொள்ளலாம். இரண்டாவதான காப்புக் குடையை உரிமம் பெற்றவர் மட்டுமே தொடலாம். அவர் அதை மடித்து, சிவப்பு நூல் கட்டி, தன் அடையாளம் பதிந்த ஈய முத்திரையை அழுத்துவார். நாங்கள் குதித்து இறங்கும் திடலில் அந்தக் கை நோரீனுடையது. அரிசோனாவின் இந்த மூலையில் ஆண்டவனை நம்பி யாரும் குதிப்பதில்லை. நோரீனை நம்பித்தான் குதிக்கிறார்கள்.

நான் ரஸ்ஸல். வாரநாட்களில் குழாய் ரிப்பேர். திடலில் பாதுகாப்பு ஆலோசகர். விமானத்தில் ஏறுகிறவனை நிறுத்தி, மார்புப் பட்டையைச் சுண்டிப் பார்த்து, 'உன் அம்மா நல்லா இருக்கணும்னு நினைக்கிறியா இல்லையா?' என்று கேட்கும் ஆள். வருடா வருடம் மார்ச் மாதத்தில் பாதுகாப்பு தினம் வரும். அன்று கொட்டகையில் நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். ஏழு வருடங்களாகப் பேசுகிறேன். தூங்குகிறவர்கள்கூட முன்வரிசையில்தான் தூங்குவார்கள். அவ்வளவு மரியாதை.

இரண்டு வருடங்களுக்கு முன் காற்றை மதிக்காமல் இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டேன். படிக்கட்டில் வழுக்கியதாக நோரீனிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் படிக்கட்டு கிடையாது. அன்று அவள் ஒரு சட்டம் போட்டாள்.

"முட்டாள்தனம் பண்ணு, ரஸ். எல்லாரும் பண்றதுதான். ஆனா முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. இன்னொரு தடவை மறைச்சேன்னு வை, நீ இந்தத் திடல்ல விமானம் ஏற மாட்டே."

சொன்னால் செய்வாள். அவள் தலையை ஆட்டினால் விமானி இயந்திரத்தையே நிறுத்திவிடுவான். குதிப்பதை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அடைத்துக்கொண்ட குழாய்களும் நாற்பத்தெட்டு வயதும்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பெரிய குடையை வெளியே இழுப்பது ஒரு குட்டிக் குடை. காற்றில் அதைக் கையால் வீசுவோம். மடிக்கும்போதே அதன் உள்கயிற்றை இழுத்து விறைப்பாக்கி வைக்க வேண்டும். வைத்தால் அதன் கயிற்றில் உள்ள சின்ன ஜன்னலில் பச்சை தெரியும். வைக்காவிட்டால் அது குடை இல்லை, கைக்குட்டை. முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனும் சில சமயம் நான்தான்.

அன்று புதன்கிழமை. நோரீன் டூசானில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பொறுமையாக மடிப்பது எப்படி என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பல் வைத்தியருக்கு விளக்கிக்கொண்டே என் குடையை நான் அவசர அவசரமாக மடித்தேன். பச்சையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

நாலாயிரம் அடியில் குட்டிக் குடையை வீசினேன். அது என் முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி மாதிரி படபடத்தது. பெரிய குடை பைக்குள்ளேயே சுகமாக இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறில் காப்புக் குடையின் வெள்ளிக் கைப்பிடியை இழுத்தேன். நோரீன் மடித்த குடை, நோரீன் மாதிரியே, ஒரு வார்த்தை வீணாக்காமல் விரிந்தது.

மாட்டுத் தீவனத்துக்காகக் குதிரைமசால் போட்டிருந்த ஒரு வயலில் போய் இறங்கினேன். கூடக் குதித்த லோவெல், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், அரை மணி நேரத்தில் வண்டியோடு வந்தான்.

"உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னய்யா ஆச்சு?"

"காற்று கொஞ்சம் ஒரு மாதிரி..."

அவன் குட்டிக் குடையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவது போல.

"யோவ். பாதுகாப்பு ஆலோசகரே."

"லோவெல், யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நோரீன்கிட்ட நீ சொல்லுவே இல்ல?"

"நேரம் பார்த்து."

"எப்ப? அவ கண்ணை மூடின அப்புறமா?"

காப்புக் குடை விரியும்போது, அதைப் பொதிந்திருந்த சின்னப் பை கழன்று காற்றோடு போய்விடும். இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. அது அரை மைல் தள்ளி ஆர்வில் என்பவருடைய மாட்டுப்பட்டியில் விழுந்திருந்தது. குடை மடிப்பவர்கள் அந்தப் பையின்மேல் அழியாத மையில் தங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பார்கள். ஆர்வில் அந்த எண்ணைக் கூப்பிட்டார். நான் வயலில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோதே டூசானில் நோரீனின் போன் அடித்துவிட்டது. இதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எண்பது மைல் வண்டி ஓட்டி, இன்னொரு ஊரில் குடை மடிக்கும் ஓட்டிஸிடம் போனேன். பெரியவர். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும்.

"நோரீன் புருஷன்தானே நீ?"

"ஆமா. அவளுக்கு வேலை ஜாஸ்தி. சிரமம் குடுக்க வேண்டாம்னு..."

"அடடா. என்ன பாசம்."

அவர் வேறு ஒரு சின்னப் பை கொடுத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து மடித்தார். முத்திரை வைக்க நூலை எடுத்தபோது நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஓட்டிஸ், அந்த முத்திரைல உங்க அடையாளம் கொஞ்சம் மங்கலா விழுந்தா நல்லா இருக்கும். பையோட இருக்கற பதிவு அட்டைல கையெழுத்தும் அவசியமா என்ன?"

அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"நான் கையெழுத்துப் போட வெட்கப்படுற குடையை மாட்டிக்கிட்டு நீ குதிப்பியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "மாட்டேன்" என்றேன்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு உட்காரு. ஆமா, நோரீனுக்குப் பாட்டில் வாங்கியாச்சா?"

எங்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காப்புக் குடை உயிரைக் காப்பாற்றினால், அதை மடித்தவருக்குப் பிடித்த சரக்கில் ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டும். அதைச் செய்யாதவனோடு ஒரே விமானத்தில் ஏற யாரும் விரும்ப மாட்டார்கள். வழியில் நல்ல ரை விஸ்கி ஒன்று வாங்கினேன். மனசாட்சிக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு சமரசம். வீட்டுக்கு வந்து ஓசைப்படாமல் சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

"அது என்ன?"

டூசானிலிருந்து அவள் வந்துவிட்டிருந்தாள்.

"சும்மா. உனக்குத்தான். விலை குறைச்சுப் போட்டிருந்தான்."

"ரை விஸ்கியா? எனக்கா? நம்ம ஆளுங்க எனக்கு எப்பப் பாட்டில் தருவாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"கல்யாண நாளுக்கு முன்கூட்டியே வாங்கிட்டேன்."

"கல்யாண நாள் அக்டோபர்ல, ரஸ்."

"ரொம்ப முன்கூட்டியே."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திறக்கவில்லை.

"உன் பை எங்கே? கொட்டகைல காணோம்."

"வண்டில இருக்கு."

"வெயில்லயா? நைலான் வெயில்ல கெட்டுப்போகும்னு போன வருஷம் ஒரு மணி நேரம் பேசினது யாரு?"

"காத்தாட இருக்கட்டும்னு விட்டேன்."

"சரி. எனக்கு நேரம் இருக்கு. எடுத்துட்டு வா, ஒரு தடவை பார்த்துடறேன்."

"வேண்டாம். நீ களைச்சுப்போய் வந்திருக்கே."

"ஆமா. புதன்கிழமைலேருந்தே களைப்பாத்தான் இருக்கு."

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க ஓட்டிஸின் முத்திரை அவள் கண்ணில் படாதபடி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு முதுகைச் சுவரோடு ஒட்டியபடி நடந்தேன். கொட்டகையில் ஒரு நண்டு நடமாடுவதாக ஒருவர் சொன்னாராம்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் என் உரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நோரீன் எதிரில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் என்ன பேசப் போறே?"

"வழக்கமானதுதான். உயரமானி, தலைக்கவசம், காற்றின் வேகம்."

"குட்டிக் குடை பத்திப் பேசேன். பச்சை தெரியுதான்னு பார்க்காம குதிக்கிறது."

என் பேனா நின்றது. "அந்தத் தப்பை இப்ப யாரு பண்றாங்க?"

"யாராவது பண்ணியிருப்பாங்க. நிஜமா நடந்த ஒரு கதையா சொன்னா ஜனங்க மனசுல நிக்கும். பேரு சொல்ல வேண்டாம்."

யோசித்தேன். பெயர் சொல்லாமல் சொன்னால் பாரம் கொஞ்சம் இறங்கும். பாதி உண்மை, பாதி உரை. நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. லோவெல் இரண்டாவது வரிசையில் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நோரீன் கடைசியில், காபிக் கூஜாவுக்குப் பக்கத்தில்.

"வேறு மாநிலத்தில் ஒருவர்" என்று ஆரம்பித்தேன். "பெயர் வேண்டாம்." அவரை மொட்டைத்தலையராக்கினேன். எனக்கு முடி இருக்கிறது. அடுத்தவருக்கு உபதேசம் செய்துகொண்டே தன் குடையைக் கோட்டைவிட்டதைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு ருசி பிடித்துவிட்டது. அந்த மொட்டைத்தலையரை வயலில் தவழ விட்டேன். குதிரைமசாலைக் கடிக்க வைத்தேன். ஒரு பசுவைக்கூடச் சேர்த்தேன்.

நோரீன் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம். அவர் இதை யார்கிட்டயாவது சொன்னாரா?"

"இல்லை. மறைச்சுட்டார்."

"குடை மடிச்சவங்ககிட்டக்கூட?"

"அவங்ககிட்டத்தான் முக்கியமா."

கூட்டத்தில் 'ச்சு' கொட்டினார்கள். பல் வைத்தியர் தலையை ஆட்டினார்.

"அப்படிப்பட்டவரை என்ன பண்ணணும்?" என்றாள் நோரீன். "ஆலோசகர்ங்கற முறைல நீங்க சொல்லுங்க." கூட்டத்தில் மட்டும் என்னை மரியாதையாகப் பேசுவாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இளகிப் பேசினால் சந்தேகம் வரும். கடுமைதான் பாதுகாப்பு.

"விமானம் ஏற விடக் கூடாது" என்றேன். "புதுசா சேர்ந்தவங்களோட உட்கார்ந்து மறுபடி முதல்லேருந்து மடிக்கக் கத்துக்கணும். பத்துக் குடை."

"பத்து போதுமா?"

முன்வரிசையில் ஒருவர் "போதாது" என்றார். கைதட்டல் கேட்டது. எனக்கு வீரம் வந்துவிட்டது.

"இருபத்தஞ்சு. ஒவ்வொண்ணையும் உரிமம் இருக்கறவங்க பார்த்துக் கையெழுத்துப் போடணும். வேண்டியவன்னு சலுகை காட்டக் கூடாது. ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க."

அத்தனை கைகளும் எழுந்தன. லோவெல் இரண்டு கைகளையும் தூக்கினான். நோரீன் எதையோ குறித்துக்கொண்டாள்.

எல்லோரும் வெளியே இறைச்சி சுடும் அடுப்புப் பக்கம் போன பிறகு அவள் மேஜைக்கு வந்தாள். சாணி காய்ந்திருந்த ஒரு சின்னப் பையை என் குறிப்புத் தாள்களின்மேல் வைத்தாள். அதில் அவள் கையெழுத்தில் அவளுடைய போன் எண்.

 

"புதன்கிழமை ஆர்வில் கூப்பிட்டார்" என்றாள். "பை விழுந்திருக்கு, உங்க நம்பர் இருக்குன்னார். ஆள் எங்கேன்னு கேட்டேன். ஆளைப் பார்க்கலை, போய்ப் பார்த்துட்டு வரேன்னு போனை வச்சுட்டார். பதினோரு நிமிஷம் கழிச்சுத்தான் மறுபடி கூப்பிட்டார். வயல்ல ஒருத்தர் குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருக்கார், நல்லாத்தான் இருக்கார்னு. அந்தப் பதினோரு நிமிஷம் என் தங்கை வீட்டு அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, நான் மடிச்ச ஒவ்வொரு மடிப்பையும் மனசுக்குள்ள திரும்ப மடிச்சுப் பார்த்தேன், ரஸ்."

மூவாயிரம் அடியிலிருந்து விழுந்தபோது வராத பயம் அப்போது வந்தது. நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டுமே. அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

"அப்பவே ஏன் கேக்கலே?"

"நீயா சொல்லுவேன்னு மூணு நாள் பார்த்தேன். நான் பாட்டிலைப் பார்த்ததும் நீ சொல்லிடுவேன்னே நினைச்சேன்."

"தப்புதான், நோரீன்."

"தப்புதான்."

அவள் தான் குறித்துவைத்திருந்த தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணி, புதியவர்கள் வகுப்பு, என் பெயர், அதற்கு எதிரே இருபத்தைந்து கட்டங்கள். முதல் கட்டத்துக்கு மேலே, கற்றுத் தருபவர் என்ற இடத்தில், அவள் கையெழுத்து. பக்கத்து இருக்கை பல் வைத்தியருக்கு.

வெளியே என்னைத் தட்டு வாங்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அந்தக் கட்டங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தேன்.

"இருபத்தஞ்சு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியலையா?"

"ஜாஸ்திதான்" என்றாள். "நான் அஞ்சோட விட்டுடலாம்னுதான் வந்தேன்."