என் தங்கை இறந்துபோன பாறை

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் தங்கையின் கணவர். தங்கை ஏறிய படகு இக்கரை வந்து சேர்வதற்குள்ளாகவே தொலைபேசியில் அழைத்துவிட்டார். "அக்கா, அவ வந்து ஒரு மாதிரியா சொல்லுவா. அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்டுடுங்க" என்றார். கேட்டேன். பிறகு தங்கை வந்து சொன்னதையும் கேட்டேன். இரண்டுக்கும் ஒரு சொல்கூட வேற்றுமை இல்லை. முப்பது ஆண்டு இல்லறத்தில் அவர்கள் இருவரும் ஒரு செய்தியை ஒரே விதமாகச் சொன்னது அதுவே முதல் முறை. ஆகவே இது உண்மை என்று கொள்கிறேன்.

தங்கையின் கணவர் ஒரு தீவில் சுற்றுலா வழிகாட்டி. அங்கே எல்லாரும் அவரை "கைடு சார்" என்பார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம். தீவுக்கு வருவோர் தவறாமல் காண வேண்டிய இடங்கள் என்று அவருடைய நிறுவனம் ஒரு துண்டுத்தாள் அச்சிட்டிருந்தது. மேகமுனைப் பாறை, இரட்டை அருவி, வௌவால் குகை, கறுப்பு மணல் கடற்கரை, கலங்கரை விளக்கம். அதன் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி: "ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர் கைடு சார்தான். பிழையற்ற வாக்கியம். எழுதியவர் தலையிலேயே அது விடிந்தது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

அந்த ஐந்தில் ஒன்றைக்கூட என் தங்கை பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சுவர் நிற்கும். உள்ளே மீனுக்கான ஐஸ் ஓயாமல் உறைந்துகொண்டிருக்க, வெளியே சுவர் ஓயாமல் வியர்த்துக்கொண்டிருக்கும். உப்பு ஜாடி கசியும். தீக்குச்சி பற்றாது. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கொடியில் தொங்கும். அந்த ஈரம் மெல்ல மெல்ல வந்து அவள் மார்பில் குடியேறி இழுப்பாயிற்று.

"ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்பாள்.

"நாம இங்கேயேதானே இருக்கோம். அந்தப் பாறை எங்கே ஓடிடப் போவுது?"

"வெளியூர்க்காரங்க எல்லாம் பாத்துட்டுப் போறாங்க."

"அவங்க போறாங்க, அதனால பாக்கறாங்க. நீதான் போகப்போறதில்லையே."

இப்படியே காலம் கழிந்தது. கடைசியில் மருத்துவர், இந்தக் கடற்காற்றும் இந்தச் சுவரும் இனி ஆகா, உயிர் வேண்டுமென்றால் தீவை விட்டுப் புறப்படு என்று சொல்லிவிட்டார். என் வீடு வறண்ட ஊரில் இருக்கிறது. "வந்துவிடு" என்றேன். சனிக்கிழமைப் படகு என்று முடிவாயிற்று. கைடு சாருக்கு வேலையை விட வழியில்லை. அவள் மட்டும் வருவதாகவும், திரும்பிப் போவதில்லை என்றும் பேச்சு.

"இப்பதான் போறேனே. இப்பவாவது காட்டலாமில்ல?" என்று தங்கை கேட்டாள்.

"மழைக்காலம். வெறும் புகைதான் தெரியும்."

"புகையையாவது பாக்கறேன்."

"வேன்ல இடமில்லை."

வேனில் இடம் இருந்தது. மழைக்காலத்தில் பாதி இருக்கைகள் காலியாகவே ஓடும். மறுத்ததற்குக் காரணம் வேறு.

பல ஆண்டுகளுக்கு முன் கைடு சார் கடும் சளியோடு மேகமுனைப் பாறைக்குக் கூட்டம் கூட்டிப் போனார். காற்று கண்ணில் அறைந்து நீர் வழிந்தது. தொண்டை கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பயணி, "உங்க சம்சாரம் என்ன பண்றாங்க?" என்று சும்மா கேட்டார். இவர் பதில் சொல்ல வாய் திறந்தார். குரல் எழும்பவில்லை. கடலைக் காட்டிக் கையை மட்டும் ஆட்டினார். காற்று அதிகம், பிறகு பேசலாம் என்று பொருள். பயணி வேறு பொருள் கொண்டார். "அடடா, இங்கேயேவா?" என்று தழுதழுத்து, கையில் ஒரு பெரிய நோட்டைத் திணித்தார். கைடு சார் மறுத்துச் சொல்லியிருக்கலாம். தொண்டைதான் கட்டியிருந்ததே.

மறுநாள் தொண்டை சரியாகிவிட்டது. கதை சரியாகவில்லை. முதலில் அவள் வெறுமனே கால் வழுக்கி விழுந்தாள். அடுத்த பருவத்தில், காற்றில் பறந்த அவர் தொப்பியைப் பிடிக்கப் போய் விழுந்தாள். அதற்கடுத்து, விழும்போது "தொப்பி பத்திரம்" என்றாள். என் தங்கை ஆண்டுக்கு ஆண்டு மேலும் மேலும் அழகாகச் செத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அதே தங்கை, ஐஸ் சுவருக்கு எதிரே நின்று, அந்தப் பணத்தில் வந்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல மழை. மழை நாளில் நிறுவனம் பயணிகள் எல்லாருக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில், தலையை மூடும் மழைச்சட்டைகளை வாடகைக்குக் கொடுக்கும். கைடு சார் முகங்களைப் பார்ப்பதில்லை, மஞ்சள்களை எண்ணிக்கொள்வார். அன்று பின்வரிசை ஓரத்தில் ஒரு மஞ்சள், ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. வேன் ஓட்டுநர் மட்டும் கண்ணாடியில் அதை ஒரு முறை பார்த்து, வாயிலிருந்த பல்குச்சியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். தங்கைக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

மேகமுனைப் பாறையில் மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத நாளில் கதை நீளும். கைடு சார் பாறை விளிம்பின் தடுப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு, "இந்த இடத்துக்கு வந்தாலே எனக்குப் பேச்சு வராதுங்க" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். தொப்பி பறந்தது. மனைவி போனாள். கூட்டத்தில் இருந்த ஒரு பருத்த மொத்த வியாபாரி மூக்கைச் சிந்தினார். அவருடைய மனைவி அவர் தொப்பியைக் கழற்றி வாங்கித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கேட்டது. "அந்தம்மா எப்படிப்பட்டவங்க?"

கைடு சாருக்கு அந்தக் குரலைத் தெரியும். "உப்பு தீந்து போச்சு" என்று முப்பது ஆண்டாகக் கேட்ட குரல். கம்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். மறைந்த மனைவி கேள்வி கேட்கிறாள். சுற்றிலும் நனைந்த கண்களோடு மனிதர்கள். இப்போது கதையை நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாவிட்டால் வீடு போகும்.

"ரொம்ப... ரொம்ப நல்லவங்க" என்றார்.

"அப்படியா. சமையல்?"

"அமிர்தம்."

"குத்தம் சொன்னதே இல்லையா நீங்க?"

"ஒரு நாளும் இல்லைங்க."

"குரல் எப்படி இருக்கும்?"

கைடு சார் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவ கூப்பிட்டா மழை விட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

கூட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. மஞ்சள் மட்டும் விடவில்லை, அதற்கு இழுப்பு.

"இந்த இடத்தையெல்லாம் அவங்களுக்கு நல்லா சுத்திக் காட்டியிருப்பீங்க."

"அதான்... அந்த ஒரு குறைதான்."

"இப்ப அவங்க திரும்பி வந்தா?"

"கையைப் பிடிச்சு, ஒவ்வொரு இடமா, நானே காட்டுவேன்."

"நல்ல மனசு" என்றது மஞ்சள். "எனக்கும் முட்டி வலி. அவங்களை நினைச்சு, இன்னிக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"பிடிச்சுக்கங்க சார்" என்றார் வியாபாரியின் மனைவி கண்ணைத் துடைத்தபடி. "அவங்க ஆத்மா குளிரும்."

ஆகவே கைடு சார் அன்று முழுவதும் என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். இரட்டை அருவியில் வழுக்குப் பாறைகள்மீது நடத்திச் சென்றார். வௌவால் குகையில் தலை இடிக்காமல் தம் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தார். அவள் இரைத்தபோது மொத்தக் கூட்டத்தையும் நிற்க வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் "மேடம்" என்றார். திருமணமான நாள் முதல் அவளை அவர் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. ஆனாலும் அதை அவளுக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

கறுப்பு மணல் கடற்கரைக்கு வந்தபோது, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாதையில் கடல் ஏறிவிட்டது என்று தெரிந்தது. அவ்விதமான நாள்களில் கைடு சார் கடற்கரையிலிருந்தே கையை நீட்டுவார். அன்றும் சாம்பல் நிறப் பனிக்குள் விரலை நீட்டி, "அதோ, அங்கதான் இருக்கு" என்றார்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார் வியாபாரி. துக்கத்தில் இருக்கும் மனிதரை வருத்த அவருக்கு மனமில்லை.

"எனக்குத் தெரியலை" என்றது மஞ்சள்.

"கொஞ்சம் உத்துப் பாருங்க மேடம்."

"ரொம்ப நாளா உத்துப் பாத்துட்டுதான் இருக்கேன்."

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது, மஞ்சள் சட்டை சமையலறை ஆணியில் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை அடுப்பருகே இருந்தாள்.

"செத்தவ சமைச்சிருக்கேன். போடவா?"

"எல்லாம் குடும்பத்துக்காகத்தானே சொன்னேன்."

"நான் வேண்டாம்னா சொல்றேன்? எப்படிச் செத்தேன்னு என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடைத்தெருவுக்குப் போகாம இருந்திருப்பேன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவள் ஜன்னலை மூடினாள். சுவரின் ஈரம் கண்ணாடியில் வழிந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "மழை விட்ட மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே. அது நிஜமா?"

ஒரே ஒரு சொல் போதும். பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விடை. கைடு சார் விரலை நக்கிக்கொண்டு, "அதெல்லாம் தொழிலுக்குச் சொல்றது" என்றார்.

தங்கை அடுப்பை அணைத்தாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. நானும் தொழில்முறையிலயே பேசறேன். அஞ்சு இடத்துல ஒண்ணு விட்டுப் போச்சு. கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"வீட்டுக்குள்ள என்ன கட்டணம்? ஆபீஸ்ல என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"கொட்டை எழுத்துல போட்டது நீங்க."

"நாளைக்குப் பாக்கலாம். பணம் எங்கே ஓடிடப் போவுது?"

"பணம் ஓடாது" என்றாள் தங்கை. "நான்தான் போறேன்."

அதன் பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குத் துறையில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தொழிலுக்குச் சொன்னதல்ல, உண்மையாகவே சொன்னது, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, மருந்தை மறக்காதே, நான் வந்துவிடுகிறேன். மனத்துக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்களிடம் முப்பது ஆண்டு பேசிய மனிதருக்கு மனைவியிடம் நான்கு வாக்கியம் பேச ஒத்திகை தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார். பெட்டியை இறக்கி வைத்து நிமிர்ந்தால், எதிரே மொத்த வியாபாரி. பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் நேற்றைய மஞ்சள்கள் அத்தனையும், மஞ்சள் இல்லாமல். தீவிலிருந்து போவதற்கு வாரத்துக்கு அந்த ஒரு படகுதான். ஆண்டுக்கணக்காகப் பயணிகளை அதில் ஏற்றிவிட்ட கைடு சாருக்கு, அது நினைவுக்கு வரவில்லை.

"சார், எங்களை வழியனுப்பவா வந்தீங்க? தனியா இருக்கிற மனுஷன், எவ்வளவு அன்பு" என்று வியாபாரி கட்டிக்கொண்டார். "சொல்லிக்க யாருமே இல்லையா உங்களுக்கு?"

தங்கை நான்கடி தள்ளி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தாள் என்று பின்னர் என்னிடம் சொன்னாள்.

"இல்லைங்க" என்றார் கைடு சார்.

தங்கை நெருங்கி வந்து கையை நீட்டினாள். "கைடு சார், என் கட்டணம்."

"மேடம், அது வந்து..."

"கலங்கரை விளக்கம் காட்டலை."

"கொடுத்து அனுப்பிடுங்க சார்" என்று வியாபாரி அவர் காதில் சொன்னார். "சிலர் அப்படித்தான். உங்க சம்சாரம் மாதிரி எல்லாரும் இருப்பாங்களா?"

படகு சங்கு ஊதியது. கைடு சார் பணப்பையைத் திறந்தார். அவள் உள்ளங்கையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். வழக்கத்தைவிட மிக மெதுவாக வைத்தார். தலையைத் தூக்காமலே, "மேடம், நேத்து சொன்னது தொழிலுக்குச் சொன்னதில்லை" என்றார்.

"எது?"

"மழை விட்ட மாதிரின்னு."

மழை விடவில்லை. தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கையிலிருந்த நோட்டுகளை ஒரு முறை எண்ணினாள்.

"ஐம்பது குறையுது" என்றாள். "மழைச்சட்டை வாடகை."

அவர் சட்டைப்பையைத் துழாவி, நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நோட்டைப் பிரித்துக் கொடுத்தார். ஆக, என் தங்கைக்கு அவர் இறுதியில் திருப்பித் தந்த தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.