மூன்றாவது வரிசைக்குப் போன கொடி

துன்ஹா, செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை உபால்தினாவுக்கு, அண்ணன் எலியோதோரோ எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை என் மகனை, உன் மருமகன் யெசிதை அடக்கம் செய்தோம். மலை சரிந்து பாதை அடைபட்டால் நீ என்ன செய்வாய், வரவில்லையே என்று கோபமில்லை. ரோந்து போன இடத்தில் கண்ணிவெடியில் சிக்கியவனைத் துவான்தான் நாலு மணிநேரம் முதுகில் சுமந்து வந்தானாம். யெசிதோடு ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்த சிப்பாய், நான் 'அறைத்தோழன்' என்று சொல்லிவைத்தவன். அறைத்தோழன் இல்லை என்பது நான் அப்படிச் சொன்ன அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டது, நீ சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்தேனே. தேவாலயத்தில் கேப்டன் கையில் ஒரு பட்டியல். சாவு வீட்டுத் தமால் பலகாரம் சாப்பிட மட்டும் வந்த, யெசிதை ஒருநாளும் பார்த்திராத நம் ஒன்றுவிட்ட தம்பி அனிபல் முதல் வரிசையில்! துவானிடம் கேப்டன், "நண்பர்களுக்கு மூணாவது வரிசைப்பா" என்றார்.

"நான் நண்பன் இல்ல சார்."

"யெசிதோட ராணுவ அட்டைல அப்படித்தானே எழுதியிருக்கு?"

உபால்தினா, அப்படி எழுதச் சொன்னது நான். "அப்பா, துணைவர்னு எழுதவா?" என்று பிள்ளை கேட்டான். "வேலைக்கு உலை வைக்காதடா, நண்பர்னு எழுது" என்றேன். துவான் மூன்றாவது வரிசைக்குப் போனான், நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியை மடித்து என் கையில் கொடுத்தார்கள். எழுந்தேன். கழிப்பறைக்கு என்று நினைத்து அனிபல் வாசலைக் காட்டினான், அவன் காலை மிதித்து, மேயர் மனைவியின் பையைத் தட்டிவிட்டு, பின்னால் போய்த் துவான் மடியில் கொடியை வைத்தேன்.

கேப்டன் ஓடி வந்து, "ஐயா, இதுக்கு விதி இருக்கு!" என்றார்.

"எனக்குக் குடுத்தாச்சுல்ல? நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

துவான் அழவில்லை. கொடியைத் தடவிக்கொண்டே இருந்தான், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

இது நம் இருவருக்குள் இருக்கட்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் நண்பன் என்றே சொல், ஊர் வாய் பொல்லாதது. படித்ததும் கிழித்துவிடு. கன்னி மரியாள் உன் வீட்டைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
எலியோதோரோ

பின்குறிப்பு: கிழிக்காதே. உறையை ஒட்டும்போது துவான் வந்தான். உரிமையில்லாத கொடியை வாங்கியதற்காக அவன்மேல் விசாரணையாம். வியாழக்கிழமை சாட்சி சொல்லப் போகிறேன், துவான் என் மருமகன் என்றே சொல்வேன், அட்டையில் பொய் எழுதவைத்தவன் நான் என்றும் சொல்வேன். கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, முதலில் அனிபலுக்கு. பாதை திறந்தால் வா.