நாற்பது பேருக்கு ஒரு டிஸ்க்

"ஒரு படம் திறக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும் போலிருக்குய்யா!" என்று போனில் கத்தியது அன்று காலையிலிருந்து பதினேழாவது ஆள். சர்வர்க்காரர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

கார்ட்டூன் தயாரிக்கும் கம்பெனி அது. ஹாலில் நாற்பது ஓவியர்கள். அத்தனை பேர் வரைவதும் சர்வர் அறையில் இருக்கும் ஒரே டிஸ்க்கில்தான் போய்ச் சேரும். அதைக் கட்டி மேய்ப்பது இவர் வேலை. அதுவும் தற்காலிக வேலைதான். நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜர் அம்மாவின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

மேனேஜர் அம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "நாலு மணிக்கு பார்ட்டி வராங்க. அவங்க முன்னாடி ஒரு படம் மெதுவாத் திறந்தாலும் ஆர்டர் போச்சு. உங்க லெட்டரையும் மறந்துடுங்க."

ஹாலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வேலை எவ்வளவு வேகமாகப் போய்வருகிறது என்று காட்டும் கட்டளையைச் சர்வர்க்காரர் தட்டினார். எல்லாம் தங்கமான எண்கள்!

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு மேடம். அவங்க சும்மா சொல்றாங்க."

"அப்படியா? நான் ஒரு படத்தைத் திறந்து, காபியும் குடிச்சு முடிச்சிட்டேன். இன்னும் மூக்கு மட்டும்தான் வந்திருக்கு."

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அந்தக் கட்டளை ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கை தரும். முதலில் வருவது, டிஸ்க்கை இணைத்த நாளிலிருந்து வந்த சராசரி. யாரும் வேலை செய்யாத மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் சேர்த்தி. இரண்டாவது அறிக்கைதான் இந்த நிமிஷத்து நிலவரம்.

அதைப் பார்த்தார். டிஸ்க் பதில் சொல்ல மூன்று மில்லி செகண்ட். வேலை முழுதாக முடிய நானூறு. அதாவது கோரிக்கைகள் ஓவியர்களின் கம்ப்யூட்டரிலேயே வரிசையில் நின்று கால் கடுக்கின்றன.

"அட, இவ்வளவுதானா!" என்று, ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கைகள் போகும்படி வழியை அகலப்படுத்தினார். வரிசையில் நின்றதெல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கின் மேல் விழுந்தது. இப்போது டிஸ்க் பதில் சொல்லவே முந்நூறு.

போன் அடித்தது. மனைவி.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடுவாங்க. வை."

"எங்க அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், போட்டாச்சுன்னு."

"அடிப்பாவி!"

மனுஷன் அத்தோடு சும்மா இருந்தாரா? எந்தக் கம்ப்யூட்டர் குற்றவாளி என்று பிடிக்க, நாற்பதின் எண்களையும் செகண்டுக்கு ஒரு முறை எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். எங்கே எழுதி வைக்க? அதே டிஸ்க்கில்தான்! பத்து நிமிஷத்தில் மூக்குகூட வராமல் போயிற்று.

மணி மூன்று. ஏசி அறையிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஹாலுக்கு அறிவிப்புச் செய்யும் மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் நிறுத்துங்க! நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது!"

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினார். நாற்பது இணைப்பையும் துண்டித்துத் திரும்பக் கொடுத்தார். நடுவில் மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கட்டளையைத் தட்டினார். இந்தத் தடவை முதல் அறிக்கையை நம்பி ஏமாறவில்லை. இரண்டாவதைப் பார்த்தார். அரை மில்லி செகண்ட்! மூன்றாவதும் அதே அரை. அவர் கண் பதில் நேரமும் முடியும் நேரமும் இருந்த கடைசி இரண்டு கட்டங்களை விட்டு நகரவில்லை. புகார் சொல்லி ஒரு போன்கூட வரவில்லை.

"வாயை அடைச்சுட்டேன் பாரு எல்லாருக்கும்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நாலு மணிக்கு பார்ட்டி வந்தார்கள். மேனேஜர் அறையில் பெரிய திரையில் சர்வர்க்காரர் எண்களைக் காட்டி, முதல் அறிக்கையை ஏன் நம்பக்கூடாது என்று அவர்களுக்கே பாடம் எடுத்தார். மேனேஜர் அம்மா ஒரு படத்தைத் திறந்தார். கண் இமைப்பதற்குள் மூக்கு, முழி, காது எல்லாம் வந்து நின்றன. பார்ட்டிக்குப் பரம திருப்தி. மேனேஜர் அம்மா அங்கேயே கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். சர்வர்க்காரர் அதை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், ஹால்ல நாப்பது பேரும் ஒரு மணி நேரமாக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இப்பத் தொடலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."