அழகிரிசாமியின் நூறு வீடுகள்

தொண்ணூற்று நாலாம் வருடம், ஒரு தை மாதச் சனிக்கிழமை. கல்லூரி விரிவுரையாளர் அழகிரிசாமி மீசையைத் தடவிக்கொண்டு சபதம் செய்தார். இனி இந்த வீட்டு கிரைண்டரில் அடுத்த வீட்டு அரிசி ஒரு மணிகூட அரைபடக் கூடாது! வாரத்துக்கு நாலு வீட்டு மாவு இங்கேதான் ஆடுகிறது. கேட்டால் மனைவி ராமாமணி, "நம்பி வாரவங்களுக்கு இல்லீன்னு சொல்றதுங்களா?" என்பாள்.

நம்பிக்கையா? அதைத்தானே அவர் கம்ப்யூட்டருக்குள் கற்பனை வீடுகளை உண்டாக்கி, சுற்றுச் சுற்றாகக் கைமாற்று கொடுத்து வாங்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்! திங்கட்கிழமை கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். சொதப்பினால் துறைத்தலைவர் நாற்காலி சக விரிவுரையாளர் கோவிந்தராஜுலுவுக்குப் போய்விடும்.

"அம்மணி, இங்க வந்து பாரு. உள்ளார நூறு ஊடு. பாதிப்பேரு வாங்குனதத் திருப்பித் தருவாங்க, பாதிப்பேரு நாமம் போடுவாங்க. அம்பதாவது சுத்துல என்னாச்சு? ஒருத்தரும் ஒருத்தருக்கு உப்புக்கல்லுகூடக் குடுக்கலை!"

"ஏனுங்க, இந்த நூறு ஊட்டுக்காரங்களும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவாங்களா?"

"மாட்டாங்க. எதுக்குப் பேசோணும்?"

"செரிங்க. அப்ப யாருக்கும் எதையும் குடுக்கக் கூடாதுங்களா?"

"கூடவே கூடாது."

"நம்ம தெருவுக்கும் இதுதான் சட்டமுங்களா?"

"உலகத்துக்கே!"

ராமாமணி தலையாட்டிவிட்டு மதில் பக்கம் போனாள். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவருக்கு முதல் வெற்றி! பூரித்துப்போய் முடிவுரையைத் தட்டத் தொடங்கினார்.

ஐந்தே நிமிடம். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து வந்து நின்றாள்.

"சாருங்க, அம்மணி வெவரம் சொன்னாங்க. கேட்டதுல இருந்து எனக்கும் பயமாப் போச்சுங்க. எங்கூட்டு ஸ்டெபிலைசரக் குடுத்துருங்க."

அழகிரிசாமி மேசைக்கடியில் பார்த்தார். ஆடி மாதம் இரவல் வாங்கியது. அந்தத் தெரு கரண்டுக்கு அது இல்லாமல் கம்ப்யூட்டர் கண்ணே திறக்காது.

"திங்கக்கெழம வரைக்குமாச்சும்ங்க அக்கா..."

"எதை நம்பிக் குடுக்கறதுங்க?"

"இனி நாலு ஊட்டு மாவையும் அவரே ஆட்டிக் குடுத்துருவாருங்க அக்கா" என்றாள் பின்னாலேயே வந்த ராமாமணி. "அப்ப நம்பலாமுங்களா?"

"தாராளமா நம்பலாமுங்க." பாத்திமுத்துவின் இடுப்பிலிருந்த குண்டாவில் ஊறின அரிசி தயாராக இருந்தது.

அன்று மாலையே அவர் நூறு வீடுகளையும் பேசவிட்டார். யார் கொடுத்தார், யார் ஏமாற்றினார் என்ற சேதி வீட்டுக்கு வீடு பரவியது. நாமம் போட்டவர்களுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. முப்பதாவது சுற்றுக்குள் அவர்களும் வழிக்கு வந்தார்கள். நம்பிக்கை ஜம்மென்று தழைத்துவிட்டது!

திங்கட்கிழமை அரங்கமே கைதட்டியது. கோவிந்தராஜுலுவே எழுந்து, "இந்த யோசனை உங்களுக்கு எப்படீங்க வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"எல்லாம் சொந்த மூளைதானுங்க" என்று கையை உயர்த்தினார் அழகிரிசாமி. அன்று காலை ஆட்டிய நாலாவது வீட்டு மாவு முழங்கையில் காய்ந்து ஒட்டியிருந்தது.