சம்பந்தியின் செடிக்கு இலை ஒட்டிய விவகாரம்

ராஜகீழ்ப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி ராகவேந்திரா அவர்களுக்கு ஸ்ரீரங்கன் அநேக நமஸ்காரம். இங்கே நானும் காமுவும் சௌக்கியம். மெல்போர்னில் தாங்களும் மாமியும் மூத்த பிள்ளை குடும்பமும் சௌக்கியம் என்று மிருதுளா சொன்னாள். நம் இரண்டு குடும்பத்திலும் சௌக்கியமா இல்லையா என்று தெரியாமல் இருந்தது, தாங்கள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஆர்க்கிட் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே போன் பண்ணிவிடுவீர்கள் என்பதால் கைப்பட எழுதி, அடுத்த வாரம் அங்கே வருகிற மிருதுளாவிடமே கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். ஆனால் என்னை மட்டும் திட்டுங்கள். தங்கள் வீட்டு மருமகளாக வந்த பாவத்துக்கு என் பெண் மிருதுளாவை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். கல்யாணத்தில் காபி ஆறிப்போனதையே நாலு வருஷமாக அவளிடம் சொல்லிக் காட்டுகிறீர்கள். செடியையும் கொன்றுவிட்டேன் என்றால் அவள் கதி என்ன என்று நினைத்து நினைத்தே எனக்கு பிரஷர் ஏறிவிட்டது.

அன்றைக்குத் தங்கள் நாவலூர் வீட்டில், மூத்த பிள்ளை பிறந்தநாள் பரிசாக அனுப்பிய அபூர்வ ஜாதி என்று சொல்லி, நியூஸ்பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி, வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும், வழியில் காற்றுப் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். நானும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். மேடவாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் என் தலை கூரையில் இடித்தது, செடியை விடவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மனசு கேட்காமல் அங்கேயே பிரித்தேன். உள்ளே ஒரு மரக்கட்டை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் வயர் வயராக வேர்கள். இலை ஒன்றுகூட இல்லை! காமு பேப்பரை உதறு உதறு என்று உதறினாள். நான் ஓடிப்போய், கிளம்பிக்கொண்டிருந்த ஆட்டோவை நிறுத்தி, பின் சீட்டையே கழற்றச் சொல்லித் தேடினேன்.

டிரைவர், "இன்னா சார் தேடிக்கினு கீற? செயினா?" என்றார்.

"இலைப்பா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காமுவிடம் திரும்பி, சாரை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு இலை துளிர்த்தால் போதும், மலையைச் சுற்றிவந்து சேவிக்கிறேன் என்று. பிறகு தண்ணீர் தெளித்தேன். தெளித்த கொஞ்ச நேரத்தில் வேரெல்லாம் பச்சையாகிவிட்டது. ஐயையோ பாசி பிடித்துவிட்டதே என்று பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். காய்ந்ததும் சாம்பலானது. அப்பாடா என்று மறுபடி தெளித்தால் மறுபடி பச்சை, மறுபடி டூத் பிரஷ். ரிட்டயராகி இவ்வளவு சுறுசுறுப்பாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. இதற்கு நடுவில் தாங்கள் ஞாயிறுதோறும் போட்டோ கேட்டீர்கள். என்ன செய்வேன், சொல்லுங்கள்! முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து காப்பியடித்த பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றியவன், எங்கள் மணி பிளான்ட்டிலிருந்து இலைகளைப் பறித்து, காமுவின் பூக்கட்டும் நாரால் தங்கள் செடியில் கட்டிப் படம் எடுத்தேன். தாங்கள் உடனே, "சூப்பர் சம்பந்தி, செழிப்பா இருக்கே!" என்று பதில் போட்டீர்கள். அந்த "செழிப்பா" என்ற வார்த்தையைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதோடு முடிந்ததா? இல்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அதை வாசல் கிரில்லுக்கு மேலே தொங்கவிட்டேன். மாடி வீட்டு கோகிலவாணி பார்த்துவிட்டு, "ஆகாசகருடனா மாமா? எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்கவிடுவார்களே, மண்ணும் தண்ணியும் இல்லாமலே கொடி விடுமே, அந்தக் கிழங்கு என்று நினைத்துவிட்டாள். செத்த செடி என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நானும் ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து காமு சாம்பிராணி காட்டினாள். நம்ம செடிக்கே நாம காட்டலைன்னா எப்படிண்ணா என்று என்னிடமே கேட்டாள். பிறகு பிளாக்கில் யாருக்கு இருமல் வந்தாலும் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

கடைசியில் காப்பாற்றியது கீழ்வீட்டு ஃபஹீமா. ஹார்டுவேர் கடை கிபாயத்துல்லா பாயின் பெண், காலேஜில் பாட்டனி எடுக்கிறாள். நான் டூத் பிரஷ்ஷும் கையுமாக ஸ்டூல்மேல் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அங்கிள், இந்த ஜாதி ஆர்க்கிட்டுக்கு இலையே கெடையாது. வேர்தான் இலையோட வேலையையும் செய்யுது. தண்ணி பட்டதும் பச்சை தெரியுது பாருங்க, அந்தப் பச்சையிலதான் அது சாப்பாடு செஞ்சுக்குது. நீங்க அதைப் போய்த் தேய்க்கிறீங்களே!"

நான் டூத் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கினேன். செடி சாகவே இல்லை, சம்பந்தி! இலை உதிரவும் இல்லை. மண் கூடாதாம், காற்றும் ஈரப்பதமும் போதுமாம். காலையில் தெளித்துச் சாயங்காலத்துக்குள் காயவிட வேண்டுமாம். நரசிம்மரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, இல்லாத இலையைக் கேட்டு அவரையும் இக்கட்டில் மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஃபஹீமா சொன்னபடியே செய்தேன். மஞ்சளும் சாம்பிராணியும் நின்றன. போன மாதம் வேர்களுக்கு நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு கிளம்பியது. இன்று காலை முதல் பூ விரிந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவு, மஞ்சள் நிறம், செம்புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம்தான் என்று காமு சாதிக்கிறாள். நான் மறுக்கவில்லை, ராத்திரி சாப்பாடு அவள் கையில்.

ஆகவே ஆட்டோவில் இலையைத் தொலைத்துவிட்டதாக நினைத்து மறைத்ததற்கும், டூத் பிரஷ்ஷுக்கும், முக்கியமாக மணி பிளான்ட் மோசடிக்கும் தங்கள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். தாங்கள் திரும்பி வந்ததும் செடியை நானே நாவலூருக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். மாமிக்கு எங்கள் நமஸ்காரம். அங்கே இருக்கும் தங்கள் பேரனுக்குப் பெருமாள் தீர்க்காயுசும், தாத்தாவைப் போல நல்ல மனசும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
ஸ்ரீரங்கன்

பி.கு.: கடிதத்தை வாங்கிக்கொள்ள வந்த மிருதுளா, படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூரியரில் வந்த பெட்டியைத் தாங்கள் ஒரு வாரம் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தீர்களாம். பிரித்தபோது இலை இல்லாததைப் பார்த்து, செத்துப்போச்சு, பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது, ஊருக்குக் கிளம்புவதற்குள் ராஜகீழ்ப்பாக்கத்தான் தலையில் கட்டிவிடலாம், பழி அவனோடு போகட்டும் என்று மாமியிடம் சொன்னீர்களாம். வழியில் ஏன் பிரிக்கக்கூடாது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். பேரனுக்குக் கேட்ட மனசைப் பெருமாள் தாத்தாவை விட்டுவிட்டு வேறு யாரையாவது பார்த்துக் கொடுக்கட்டும். செடி இனி எங்கள் வாசலில்தான் இருக்கும். பூவின் படத்தைத் தங்கள் பிள்ளைக்கு நேராகவே அனுப்பியாகிவிட்டது. தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள், மணி பிளான்ட்டில் இன்னும் இலை இருக்கிறது.