வடக்குப் பார்த்த தகடுகள்

மழை எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோன ஒரு நாடு இருந்தது. வேனில்நாடு என்று பெயர். அங்கே பஞ்சமே வராத பொருள் ஒன்றுதான், வெயில். அதை யாரும் விதைக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்க வேண்டியதில்லை. போதும் போதும் என்றாலும் நிற்காது.

அந்த நாட்டை ஆண்டவர் பெருநிழல் வேந்தர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிமக்களுக்கு இருந்தது. நிற்பவர் அவர் ஒருவரே என்பதால் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. நாட்டின் வடகோடியில் தண்ணகர் என்னும் தலைநகரும், அதில் அவருடைய அரண்மனையும் இருந்தன. அந்த அரண்மனைக்கு யாரும் எந்நேரமும் முதுகு காட்டக் கூடாது என்பது நாட்டின் முதல் சட்டம்.

ஆகவே தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து போனார்கள். வீட்டு வாசல்களெல்லாம் வடக்குப் பார்த்திருந்தன. உழவர்கள் கிழக்கு மேற்காக மட்டுமே ஏர் ஓட்டினார்கள். செத்தவர்களைக்கூட முகத்தை வடக்கே திருப்பித்தான் புதைத்தார்கள். குழந்தைகள் முன்னால் நடக்கப் பழகும் வயதிலேயே பின்னால் நடக்கவும் பழகிவிடும். இதைப் பார்த்து வெளிநாட்டார் யாராவது சிரித்தால், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அந்த மக்கள் உண்மையிலேயே விழித்தார்கள்.

நாட்டின் தென்பாதிக்குப் பொட்டல்சீமை என்று பெயர். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அங்கே அரசாங்க ஆய்வாளராக வேலை பார்த்தவள் இளவேனி. அந்த வேலைக்கு அவளை அனுப்பியவர்கள் அவள் ஏதாவது கண்டுபிடிப்பாள் என்று நினைக்கவில்லை. சும்மா இருப்பாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளை ஆள் உயரத்துக்கு மேலே கால்நட்டுப் பொருத்தினால், அடியில் பயிர் வைக்கலாம் என்று சோதித்துக் கண்டுபிடித்தாள். பொட்டல் வெயிலில் பாதியே தக்காளிக்குப் போதும். மீதிப் பாதி அதைக் கருக்குவதற்குத்தான் பயன்படுகிறது. தகட்டின் நிழலில் மண்ணின் ஈரம் சீக்கிரம் போகாது. செடிகள் விடும் ஈரமூச்சில் தகடுகள் சூடு தணிந்து கூடுதலாக மின்சாரம் தரும். செடிக்குத் தகடு குடை, தகட்டுக்குச் செடி விசிறி. இதை விளக்கி அவள் அனுப்பிய விண்ணப்பத்தைத் தலைநகரில் யாரும் படிக்கவில்லை. அதனால் அனுமதி உடனே கிடைத்துவிட்டது.

நிலம் வேண்டும். அந்த ஊர்ப் பேச்சிக்கண்ணு கொடுத்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு புஞ்சை, அதில் ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் இறைத்த தண்ணீரை வேர் குடிக்குமுன் வெயில் குடித்துவிடும். புருஷன் இல்லை. ஒரே மகன் கொம்பையா தெற்கே கடற்கரையில் உப்பளத்துக்குப் போய்விட்டான். அங்கே போனவர்களுக்குக் கால் வெடித்துக் கண் மங்கிப்போகும் என்பது ஊருக்கே தெரியும்.

"இந்தக் கண்ணாடிப் பலகைய வச்சா தண்ணி மிஞ்சுமா தாயி?" என்று கேட்டாள்.

"மிஞ்சும் அக்கா."

"மோட்டாருக்குக் கரண்டு?"

"மேல இருக்கிற தகடே குடுக்கும். யாரையும் கேட்க வேண்டாம்."

பேச்சிக்கண்ணு புஞ்சையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எம் மவன வரச்சொல்லிறவா?"

ஆய்வு முடிவு என்பது நூறு தடவை யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்று படித்தவள்தான் இளவேனி. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து, "வரச்சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது வெறும் ஆராய்ச்சியாக இல்லை. ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்காக அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

தெற்குச் சாய்வாக வரும் வெயிலை வாங்கும்படி தகடுகள் தெற்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. அடியில் தக்காளியும் மிளகாயும் கீரையும் வந்தன. வந்தன என்று சொன்னால் போதாது. செடியடியில் பரப்பியிருந்த வைக்கோலைக் கையால் விலக்கித் தொட்டுப் பார்த்தால் உச்சிப்பொழுதிலும் மண் குளிர்ச்சியாக இருந்தது. கொம்பையா உப்பளத்திலிருந்து வந்துசேர்ந்தான். வந்தவன் தகட்டு நிழலில் துண்டை விரித்துப் படுத்து இரண்டு நாள் தூங்கினான். எழுந்து மண்வெட்டியை எடுத்தவன், இளவேனியைப் பார்த்து, "இனிமே உப்பளத்துப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன் மேடம்" என்றான். அன்று அறைக்குத் திரும்பிய இளவேனி கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

நல்ல காரியம் அரசாங்கத்தின் காதில் விழாமல் இருந்திருக்கலாம். விழுந்துவிட்டது. கதிர்த்துறை அமைச்சர் மாண்புமிகு செம்மாந்தார் பரிவாரத்தோடு பார்வையிட வந்தார். ஒரு தக்காளியைக் கையில் எடுத்து, "இது அரசரின் கருணையால் சிவந்திருக்கிறது" என்று அறிவித்தார். பரிவாரம் கைதட்டியது. பிறகு அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"இவை எந்தத் திசை நோக்கி நிற்கின்றன?"

"தெற்கு, ஐயா" என்றாள் இளவேனி. "வெயில் பெரும்பாலும் தெற்குச் சாய்வாகத்தான்..."

"ஆக, வேந்தருக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன."

கைதட்டியவர்கள் கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

"தகடுகளுக்கு முதுகு ஏது ஐயா? சூரியன் அந்தப் பக்கம் இருக்கிறது."

"சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தனி விசாரணைக்குரியது" என்றார் அமைச்சர். "இந்நாட்டில் அசைவனவும் அசையாதனவும் அரண்மனையை நோக்கியே இருத்தல் வேண்டும். இன்று தகட்டை விட்டால் நாளை கொட்டகை திரும்பும். மறுநாள் குடிமகன் திரும்புவான்."

இளவேனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அன்று மாலைக்குள் தகடுகளெல்லாம் வடக்கே திருப்பப்பட்டுவிட்டன. மின்சாரம் பாதியானது. மோட்டார் இருமியது. 'மின்சாரம் முன்னிலும் பணிவாக வருகிறது' என்று அதிகாரிகள் தலைநகருக்குத் தெரிவித்தார்கள்.

பாதி மின்சாரத்திலும் கொம்பையா வாய்க்காலை ஒட்டிக் குழி பறித்து, வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டுச் செடியைக் காப்பாற்றிவிட்டான். மின்சாரம் குறைந்தது தலைநகருக்குத் தெரிந்ததும், காரணத்தை ஆராய ஒரு குழு போடப்பட்டது. குழுவில் அரண்மனைச் சம்பிரதாய அலுவலர் இருந்தார், வாழ்த்துப்பா இயற்றும் புலவர் இருந்தார், அமைச்சரின் மைத்துனர் இருந்தார். இளவேனி இல்லை. தகடுகள் வடக்கே பார்த்தாலும் மல்லாந்து படுத்தபடி பார்க்கின்றன, வேந்தரின் முன்னிலையில் படுத்திருப்பதால் அவற்றுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று குழு கண்டறிந்தது. தகடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆணை வந்தது.

சுவர் போல நிமிர்த்தி நிறுத்தினார்கள். நிமிர்ந்த தகட்டுக்கு உச்சிப்பொழுதில் நிழலே கிடையாது. மின்சாரமும் அநேகமாக நின்றுபோனது. காயும் பிஞ்சுமாக நின்ற செடிகள் நாலே நாளில் தலை தொங்கின. பேச்சிக்கண்ணு முந்தானையை விரித்துச் செடிகளுக்குப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றாள். எத்தனை செடிக்குத்தான் பிடிப்பாள்! இளவேனி தன் குடையையும் துப்பட்டாவையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் பொறுக்க முடியாமல் இளவேனி தலைநகருக்குப் போய் அமைச்சரைப் பார்த்தாள். "ஐயா, நிழலும் போச்சு, மின்சாரமும் போச்சு. தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்ப அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அழிந்துவிடும்."

செம்மாந்தார் கண்ணை மூடி வெகுநேரம் சிந்தித்தார். "தகடு சூரியனை நோக்கித் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். இந்நாட்டில் யார் யாரை நோக்கித் திரும்புவது என்பதை ஆய்வாளர்கள் முடிவு செய்வதில்லை. சூரியனைத் திரும்பச் சொல்லுவோம்."

அவள் அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தாள். அவர் வாழ்நாளில் வேடிக்கை பேசியவரல்ல. பங்குனிக் கடைசியில் முரசறைந்து ஆணை வெளியானது: சூரியன் உடனடியாகத் தெற்குச் சாய்வை விட்டு வடக்கே வரவேண்டும்.

சித்திரையில் சூரியன் வடக்கே வந்தது.

அது வருஷாவருஷம் வருவதுதான். சித்திரையில் உச்சியைக் கடந்து வடக்கே போகும், ஆவணியில் திரும்பிவிடும். பொட்டல்சீமையில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நாடெங்கும் வெடி வெடித்தது. வேந்தரின் சொல்லுக்குச் சூரியன் கட்டுப்பட்டது என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வடக்கே பார்த்த தகடுகளில் துளி உயிர் வந்தது. மோட்டார் நாளுக்குக் கொஞ்ச நேரம் ஓடி, கருகிக் கிடந்த பாத்தியில் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றது. அந்தச் சூட்டோடு தேர்தலும் நடந்தது. வேந்தர் முன்னெப்போதும் இல்லாத அளவில் வென்றார்.

வென்ற கையோடு திட்டம் பொட்டல்சீமை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எல்லாப் புஞ்சைகளிலும் தகடுகள் வந்தன, எல்லாம் வடக்குப் பார்த்து, எல்லாம் நிமிர்ந்து. காய்ந்த செடிகள் தலை குனிந்து நிற்பது துக்கம் கொண்டாடுவது போல இருக்கிறதென்று அவற்றைப் பிடுங்கச் சொன்னார்கள். பிறகு, உழவர்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் தகடுகளின் அரண்மனைப் பார்வை மறைகிறதென்று புஞ்சையைச் சுற்றி வேலி போட்டார்கள். கிணறு வேலிக்கு உள்ளே போய்விட்டது. பயிரும் உழவரும் இல்லாத அந்த வெளிக்கு 'ஒருங்கிணைந்த கதிர் வேளாண்மை மண்டலம்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள்.

ஆவணி பிறந்தபோது சூரியன் தெற்கே திரும்பத் தொடங்கியது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று மட்டும் ஓர் ஆணை வந்தது. அதே வாரத்தில், இளவேனிக்கு 'வடதிசை விஞ்ஞானி' என்ற பட்டம் வழங்கப்படும், அரண்மனைக்கு வரவும் என்று அழைப்பும் வந்தது.

புறப்படுமுன் பேச்சிக்கண்ணுவைப் பார்க்கப் போனாள். பேச்சிக்கண்ணு வேலிக்கு வெளியே தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கொம்பையா கயிற்றை இறுக்கினான். அவன் இளவேனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்பளத்துக்கா?"

"வேற எங்க போக? இந்தத் தடவ நானும் போறேன். ஊரே போகுது" என்றாள் பேச்சிக்கண்ணு.

"வரச்சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன் அக்கா." இளவேனி குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னது பொய்யில்லயே தாயி. ஒரு வெள்ளாம எடுத்துட்டோம்ல. அந்த மண்ணு குளுந்து கெடந்துச்சுல்ல." அவள் வேலிக்குள் பார்த்தாள். "அத நெனச்சாத்தான் வவுறு எரியுது. ஒண்ணுமே வெளையாத மண்ணுன்னா விட்டுட்டுப் போயிறலாம்."

"அம்மா, இப்பவாச்சும் ஒழுங்காத் திரும்பி நடந்து போவோம்" என்றான் கொம்பையா. "எவன் வந்து கேக்கப்போறான்?"

"வேணாம்டா. பின்னால நடந்தா, கடைசி வரைக்கும் நம்ம புஞ்சையப் பாத்துக்கிட்டே போலாம்."

அரண்மனையின் மேல்மாடத்தில் விழா நடந்தது. நாட்டின் தெற்கெல்லைவரை பார்க்கும்படி அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். இடையில் மறைக்க மரம் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இளவேனியின் தோளில் சால்வை போர்த்தினார்கள். புலவர் பாடினார். வேந்தர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். சற்று நேரத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அமைச்சரே! பொட்டல்சீமை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு திரள் திரளாக நம்மிடம் வருகிறார்களே!"

"தங்களைக் கண்டு நன்றி கூற வருகிறார்கள், வேந்தே" என்றார் செம்மாந்தார்.

இளவேனி அருகே போனாள். அனுமதி கேட்காமலே கண்ணை வைத்துப் பார்த்தாள். தகடுகளுக்கு அப்பால், புழுதிக்குள், நூற்றுக்கணக்கான முகங்கள். எல்லாம் இவளையே பார்த்தன. நடுவில் பேச்சிக்கண்ணு. ஒரு கல் தடுக்கி அவள் மல்லாந்து விழுந்தாள். கொம்பையா தூக்கிவிட்டான். எழுந்து, முகத்தை வடக்கே வைத்துக்கொண்டு, காலைத் துழாவித் துழாவிப் பின்னால் எடுத்து வைத்தாள்.

"அவர்கள் வரவில்லை அரசே" என்றாள் இளவேனி. "போகிறார்கள். எல்லோரும் ஊரைவிட்டே போகிறார்கள்."

வேந்தர் கோபப்படவில்லை. அவர் மெத்தப் பொறுமைசாலி. "முகம் தெரிகிறதே அம்மா. போகிறவர்கள் என்றால் முதுகல்லவா தெரியும்?"

"உங்களுக்கு முதுகு காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் பின்னோக்கி நடக்கிறார்கள்."

வேந்தர் திகைத்து அமைச்சரைப் பார்த்தார். "சட்டமா? என் மீதுள்ள அன்பால் அப்படிச் செய்கிறார்கள் என்றல்லவா சொன்னீர்கள்?"

"அன்புதான், வேந்தே. மறந்துவிடக் கூடாதென்று சட்டம் நினைவூட்டுகிறது, அவ்வளவே."

வேந்தர் நிம்மதியாகத் திரும்பி மறுபடியும் தொலைநோக்கியில் பார்த்தார். மாடத்திலிருந்த எல்லோரும் இளவேனியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"எல்லாம் சரி அமைச்சரே" என்றார் வேந்தர், கண்ணை எடுக்காமல். "வரவர ஏன் எல்லோரும் சிறிதாகிக்கொண்டே இருக்கிறார்கள்?"

"பணிவு, வேந்தே."

வேந்தருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வலது கையை உயர்த்தி, கடைசி முகமும் புள்ளியாகி மறையும்வரை அவர்கள் எல்லோரையும் வாழ்த்திக்கொண்டே இருந்தார்.